பெயர் உதிர்ந்த நோட்ஸ்

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் வேலையோடு, மலையிலிருந்து இறங்கி வந்தவர். "டீச்சர், புள்ளைக்கு டவுன்ல ஒரு நோட்டு வாங்கினேன், எரநூறு ரூவா. சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க" என்று நீட்டினார்.

திறந்ததுமே தெரிந்துவிட்டது. 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகளுக்காக இரவிரவாக இருந்து டைப் பண்ணிய இலக்கண நோட்ஸ் அது. நான்காம் பக்கத்தில் நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. அட்டையில் மட்டும் ஒரு தனியார் வகுப்பின் பெயர். நான் சும்மா கொடுத்ததை அந்தத் தாய் காசு கொடுத்து வாங்கியிருந்தார்.

அட்டையிலிருந்த நம்பருக்கு அழைத்தேன். "வட்ஸ்அப் குரூப்ல வந்தது டீச்சர், யாரோடதுன்னு போடலையே" என்றார் அந்த வகுப்பை நடத்துபவர். பெயர் இல்லாதது விற்பதற்கு அனுமதி ஆகாது என்று சொன்னேன்; விற்பதை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் பெயர் போடாமல் அனுப்பியது நான்தான்.

அன்றிரவு என் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். 'டவுன்லோட்', 'புதிய போல்டர்', அதற்குள் இன்னொரு 'புதிய போல்டர்'. மகாவலி கங்கையின் அருமையான வரைபடம் ஒன்று இருந்தது. யார் வரைந்தது? தெரியவில்லை. அனுமதி கேட்கவும் வழியில்லை, நன்றி சொல்லவும் வழியில்லை. கோப்புகளை அடுக்குவது ஒரு வேலை, பதிப்புரிமை வேறொரு வேலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே நிமிடத்தில், கோப்பைச் சேமிக்கும் அந்த நிமிடத்திலேயே, முடிய வேண்டிய வேலை.

இப்போது எதை இறக்கினாலும் தரம், பாடம், அலகு, ஆக்கியவர், ஆண்டு என்ற வரிசையில் பெயர் வைக்கிறேன். கூடவே ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட குறிப்பேடு. எங்கிருந்து எடுத்தேன், என்ன அனுமதி, எந்த நாள் என்று அதில் ஒரு வரி எழுதுகிறேன். கரண்ட் போனாலும் கொப்பி இருக்கும்.

சட்டம் நம்மை நெருக்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கு இடம் விடுகிறது. இலாப நோக்கமில்லாத பாடசாலையில், நேரடி வகுப்புக்காக, ஒரு நூலின் சிறு பகுதியைத் தேவையான அளவு பிரதி எடுக்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். முழுப் பயிற்சிநூலையும் ஸ்கேன் பண்ணி குரூப்பில் போடுவது அதற்குள் அடங்காது. பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பதும் இல்லை. எழுதியவுடனே அது எழுதியவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். சுவாமி விபுலானந்தர் 1947இல் மறைந்தவர், அவர் எழுத்துக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. நம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தவர். அவருடைய எழுத்து 2054 வரை காப்பில் இருக்கிறது. மலையகப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டியவர். அதற்காக அவர் நூலை முழுதாக போட்டோகொப்பி அடிக்க முடியாது.

கோப்பை அனுப்பாமல் இணைப்பை மட்டும் அனுப்புங்கள் என்பார்கள். சரியான யோசனைதான். ஆனால் சிக்னலுக்காகத் தேயிலை மலை ஏறிய பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். தோட்டக் குடியிருப்பான லயத்தில் இணைப்பு திறக்காது, பென் டிரைவ்தான் திறக்கும். ஆகவே எங்கள் பென் டிரைவில் அனுமதி தெளிவாக இருப்பவற்றை மட்டும் வைத்திருக்கிறோம். விக்கிமீடியா கொமன்ஸ் படங்கள், தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் போன்றவை. எதை எடுத்தாலும், ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் முறையின் ஆங்கில எழுத்துகளைப் பார்க்க வேண்டும். 'பிவை' (BY) என்றால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், 'என்சி' (NC) என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, 'என்டி' (ND) என்றால் மாற்றிப் பகிரக் கூடாது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ கற்றல் தளமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் இலவசம். இலவசம் என்பதாலேயே உரிமையாளர் இல்லை என்று ஆகாது. 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தில் வாசிக்கக் கிடைப்பதும் அப்படித்தான்.

சந்தேகமானால் கேட்டுவிடுங்கள். வகுப்பறைப் படம் ஒன்றுக்காக ஒருவருக்கு நான்கு வரி எழுதினேன். மறுநாளே சம்மதம் வந்தது, கூடவே இன்னும் மூன்று படங்கள்.

பிள்ளைகளின் ஆக்கங்களை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்கள் எழுதும் கவிதையும் அவர்களுடையதுதான். தரம் 8இல் ஒரு பையன் மழையில் ஒழுகும் லயக் கூரையைப் பற்றி எழுதியிருந்தான். சுவர்ப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "சுவத்துல போடுங்க டீச்சர். பேஸ்புக்ல வேணாம். அப்பா பாத்தா வருத்தப்படுவாரு" என்றான். கொப்பியில் அப்படியே எழுதி வைத்தேன்: அவன் பெயர், சுவருக்கு மட்டும், தேதி.