ஓய்வு முடிந்து திரும்பும் அந்த முதல் வாரம்

மூன்று மாதம் ஆடாமல் இருந்துவிட்டுக் களத்தில் இறங்கும் வீரரைக் கவனியுங்கள். பந்து எங்கே விழும் என்று கணிப்பதில் பெரிய தடுமாற்றம் இருக்காது, சைக்கிள் ஓட்டியவனுக்கு அது மறக்காததுபோல அசைவுகள் மூளையில் பத்திரமாக இருக்கும். ஆனால் நாலு முறை ஓடியதுமே முட்டியில் கையூன்றி மூச்சு வாங்குவார். திறமை, மூச்சு, தசை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நம்மைவிட்டுப் போகிறது, ஒவ்வொரு வேகத்தில் திரும்புகிறது. நீண்ட இடைவெளியின் சிக்கலே இந்த வேக வித்தியாசம்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. பயிற்சியை விட்ட சில நாட்களிலேயே அது குறையத் தொடங்கும், அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறையும், பழைய வேகத்தில் ஓட இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில், 20 வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். உழைக்கும்போது உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் சோதித்தால், வயதால் வந்த இழப்பு அந்த மூன்று வார இழப்பைவிடக் குறைவு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

சரி, தசை வலிமை? அது சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும், போனாலும் சீக்கிரம் வந்துவிடும். மாட்டிக்கொள்வது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, தேறிவர மாதக்கணக்கில் ஆகும். மளமளவென்று தேறிவிட்ட தசை, இன்னும் தயாராகாத தசைநாணைச் சுண்டி இழுக்கிறது. 2011இல் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒப்பந்தத் தகராறால் மார்ச் முதல் ஜூலை வரை கதவடைப்பு. வீரர்கள் அணியின் பயிற்சிக்கூடத்துக்குள் போக முடியவில்லை. அப்புறம் அவசர அவசரமாக முகாம் தொடங்கியது. முதல் 12 நாளில் 10 பேருக்குக் குதிகால் தசைநாணில் காயம்.

லே-ஆஃப், அதாவது தற்காலிக வேலை நிறுத்திவைப்பு முடிந்து திரும்ப அழைக்கப்படும் தொழிலாளிக்கும் இதேதான், குறிப்பாக வெயிலிலும் உலைப் பக்கத்திலும் நிற்பவருக்கு. வெப்பத்துக்குப் பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பை அதிகம் விடாது. ஒரு வாரம் விலகியிருந்தாலே இந்தப் பழக்கம் கழன்றுவிட ஆரம்பிக்கும். கை வேலையை மறக்கவில்லை, அதனால் அவரும் பழைய வேகத்திலேயே இறங்குகிறார். உடல் சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. வெளிப்புற வேலைகளில் நேரும் வெப்ப மரணங்களில் பாதிக்கும் மேல் முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை.

கைத்திறனும் முழுக்கத் தப்பிவிடுவதில்லை. அடிக்கடி செய்யாத, வரிசை பிசகக்கூடாத வேலைகள்தான் முதலில் நழுவும். நின்றுபோன இதயத்துக்கு முதலுதவி செய்யக் கற்றவர்களுக்குச் சில மாதங்களிலேயே தடுமாற்றம் வந்துவிடுகிறது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிகள் கடைசி 90 நாளில் குறைந்தது மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

வெப்பத்தில் ஏற்கெனவே வேலை செய்து பழகியவர் திரும்பி வந்தால் முதல் நாள் பாதி வேலை, அடுத்த நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள்தான் முழு வேலை என்று அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. தேங்கிக் கிடக்கும் வேலையை முடிக்க முதல் நாளே ஓவர்டைம் போடும் மேற்பார்வையாளர்கள் இந்தக் கணக்கை நேர் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.