அட்ரபி: மூளை சுருங்குகிறதா, சூம்புகிறதா?

வயதானவர்களுக்கு எடுக்கும் மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘அட்ரபி’ என்ற சொல் அடிக்கடி வரும். ‘மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு’ என்று விளக்கிச் சொல்வார்கள். உடனே வீட்டில் எழும் கேள்வி: சுருங்கினது மறுபடி விரியுமா? கேட்பவர் மீது தவறில்லை. இதயம் சுருங்கி விரிகிறது, கண்ணின் பாவை சுருங்கி விரிகிறது என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். அட்ரபியிலோ அழிந்த நரம்பணுக்கள் திரும்பி வருவதில்லை. அந்தப் பொய் நம்பிக்கையைத் தருவதால் ‘சுருக்கம்’ இதற்குச் சரியான சொல் இல்லை.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. ‘ட்ரோஃபே’ என்றால் ஊட்டம். முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும். அநீதி, அசைவம் என்பவற்றில் வரும் வடமொழி ‘அ’வுக்கு அது ஒன்றுவிட்ட உறவு. ஆக, ஊட்டமின்மை. ஊட்டமில்லாமல் உடல் வற்றுவதற்கு நம்மிடம் ‘மெலிவு’ இருக்கிறது. ‘நலிவு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் ஆள் மெலிந்தால் முழுதாக மெலிகிறார். மறதி நோய் என்று நாம் அழைக்கும் அல்சைமரில் நடப்பது அதுவல்ல.

இங்கே கொஞ்சம் வரலாறு. 1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரைப் பற்றி உரையாற்றினார். 51 வயதில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அந்தப் பெண் அதே ஆண்டு ஏப்ரலில் இறந்திருந்தார். மறு ஆண்டு அச்சான கட்டுரையில், மூளை ‘ஒரே சீராக அட்ரபி அடைந்திருந்தது’ என்று அல்சைமர் குறித்தார். திறந்து பார்த்த கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. உயிரோடிருப்பவரின் மூளையைப் படம் பிடிக்க முடிந்த பிறகு, அந்த ‘ஒரே சீராக’ என்பது எல்லோருக்கும் பொருந்தாது என்று தெரியவந்தது.

அல்சைமரில் பரவலாகக் காணும் வகையில், காதுக்கு முன்னாலுள்ள பொட்டுப் பகுதியின் உட்பக்கம் இருக்கும் ஹிப்போகாம்பஸ் முதலில் வற்றுகிறது. வடிவம் கடற்குதிரை போல இருப்பதால் வந்த பெயர். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் இடம் அது. காலையில் சாப்பிட்டது மறந்து, பழைய கதை நினைவிருப்பது அதனால்தான். அது எவ்வளவு வற்றியிருக்கிறது என்று படத்தைப் பார்த்தே 0 முதல் 4 வரை மதிப்பிடும் முறையை 1992இல் பிலிப் ஷெல்டன்ஸ் குழு தந்தது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு வகையில் மூளையின் பின்புறம், உச்சியும் பிடரியும் சார்ந்த பகுதி, வற்றுகிறது. 1988இல் நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் பென்சன் இதை விவரித்தார். நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும். கண் மருத்துவர் பார்வையில் குறையில்லை என்பார். ஆனால் மேசை மேல் கண்ணெதிரே இருக்கும் கண்ணாடியைக் கண்டுபிடிக்க முடியாது, படியிறங்க ஆழம் தெரியாது. மூன்றாவது வகையில் இடப்பக்கப் பொட்டும் உச்சியும் சேரும் இடம் பாதிக்கப்படும். பேசும்போது சொல் கிடைக்காமல் நின்றுபோகும். மருத்துவர்கள் சொல்லும் ‘லோகோபீனிக்’ என்பதன் நேர்ப்பொருளே சொல் வறுமை. இளவயதில் வரும் அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் அவ்வளவாகக் குறையாமலே இருக்கலாம். ‘மறதி நோய்’ என்ற பெயரோடு மட்டும் தேடுகிறவர்கள் இந்த நோயாளிகளைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெட் ஸ்கேன் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அல்சைமரில் மூளையில் சேரும் புரதங்கள் இரண்டு: அமிலாய்டு, டௌ. அமிலாய்டு படிவு எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பரவிக் கிடக்கும். டௌ புரதமோ எந்தத் திறன் கெட்டதோ அந்த இடத்தில் அதிகமாகச் சேரும். மூளை வற்றுவதும் பெரும்பாலும் அங்கேதான். குளுக்கோஸைக் காட்டும் பெட் படத்திலும் அதே இடம் மங்கித் தெரியும். ஊட்டமின்மை என்ற பழைய பொருளைக் கண்ணால் பார்ப்பது போல இருக்கும், ஆனால் பட்டினியால் அணுக்கள் சாகின்றன என்று இதற்குப் பொருளில்லை. இணைப்புகள் செயலிழந்ததால் அங்கே சர்க்கரை குறைவாகச் செலவாகிறது.

இப்படி ஓரிடம் மட்டும் வற்றுவதற்குத் தமிழில் ஒரு சொல் எப்போதிருந்தோ இருக்கிறது: சூம்புதல். இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் மட்டும் சூம்பும். நிலக்கடலையில் ஒரு பருப்பு திரண்டு நிற்க, பக்கத்துப் பருப்பு சூம்பிக் கிடக்கும். உள்ளீடு குறைந்தது, இனித் திரளாது, ஓரிடத்தில் நேர்ந்தது என்ற மூன்றையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. ஊனமுற்றவர்களைக் கேலி செய்யப் பயன்பட்ட சொல் என்று சிலர் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானது, எனவே ஆளைச் சூம்பியவர் என்னாமல், மூளையின் பகுதியை மட்டும் சொல்வோம்.

வயதானால் எல்லோருக்கும் மூளை சற்றுக் குறையும். அந்தப் பொதுவான குறைவுக்கு ‘மெலிவு’ இருக்கட்டும். பென்சன் விவரித்த வகைக்கு ‘பின்புறணிச் சூம்பல்’ என்பேன். மூளையின் மேலடுக்கைக் குறிக்கும் கார்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் புறணி என்ற நம் சொல்லுக்கும் பொருள் ஒன்றே, மரப்பட்டை.