சாதா வெனிலா

'ஐஸ்கிரீம் கடையில் வெனிலாவை மட்டும் ஏன் சாதா என்கிறார்கள்?' என்று கீழக்கரை வாசகர் கேட்டிருக்கிறார். சாதா தோசை கணக்குதான். நிறம் இல்லை, மேலே ஒன்றும் தூவவில்லை. பால், சர்க்கரை சேரும் பண்டங்கள் பலவற்றில் அதே எசன்ஸ் விழுவதால், பால் ஐஸின் வாசனையே அதுதான் என்று மூக்கு பழகிவிட்டது. எசன்ஸில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த வெனிலின் என்ற மணப்பொருள். 1874இலேயே ஜெர்மனியில் செய்துவிட்டார்கள். அதைக் 'கெமிக்கல் விஷம்' என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துவது வெட்டிப்பேச்சு. வெனிலாக் காயில் உள்ள வெனிலினும் அதே மூலக்கூறுதான். காயில் கூடுதலாக இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் உண்டு, அவ்வளவே.

அந்தக் காய் மெக்சிகோவின் ஆர்க்கிட் கொடியில் காய்ப்பது. பூ ஒரே நாள்தான் விரியும். காய் பிடிப்பதற்காகக் குச்சியால் உள்மடலைத் தூக்கி மகரந்தத்தை அழுத்தும் வித்தையை 1841இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். இன்றும் பூப்பூவாகக் கையால்தான்.

ஒன்பது மாதம் கழித்துப் பறித்த பச்சைக்காயை முகர்ந்தால் ஒரு வாசனையும் வராது! வெனிலின் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் குளுக்கோஸோடு கட்டுண்டு கிடப்பதால் ஆவியாகி மூக்குக்கு ஏற முடியாது. கட்டை அவிழ்க்கும் நொதி (என்சைம்) காய்க்குள்ளேயே தனியறையில் இருக்கிறது. வெங்காயமும் இப்படித்தான்: நறுக்கி அறைச்சுவர் உடைந்தால்தான் கண் எரியும். வெனிலாவில் கத்திக்குப் பதில் வெந்நீர். 63 முதல் 65 டிகிரி செல்சியஸ், சுமார் மூன்று நிமிடம். சூடு மிஞ்சினால் நொதியே வெந்துபோகும். போதாவிட்டால் சுவர் உடையாது. எடுத்த சூட்டோடு கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் காய் வியர்த்துப் பழுப்பாகும். அப்புறம் தினமும் கொஞ்ச நேரம் வெயில், மறுபடி கம்பளி. கருவாடு மாதிரி மணலில் பரப்பி ஒரேயடியாகக் காயவிடக் கூடாது. ஈரம் போனால் நொதி நின்றுவிடும். ஈரம் அதிகம் தங்கினாலோ பூஞ்சை. வாரக்கணக்கில் இப்படிச் செய்து, மூடிய பெட்டியில் மாதக்கணக்கில் ஊறவிட்டால் ஐந்தாறு கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அதில் வெனிலின் சுமார் 2 சதவீதம்.

நம் பனங்காட்டு மணலிலும் உப்புக்காற்றிலும் இந்தக் கொடி பிழைக்காது. அதற்கு நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். மண்டபம் பக்கம் யாராவது நாற்று விற்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எசன்ஸ் போதும் என்பவர்கள், அரை லிட்டர் பால் பாயசத்துக்கு அரை டீஸ்பூன், இறக்கி ஆறவைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும்போதே ஊற்றினால் மணம் அடுப்படிக்குத்தான் போகும்.