ஸ்டால் என்பது வேக இழப்பு அல்ல

விமானம் ஓட்டும் விளையாட்டுகளைத் தமிழில் சொல்லித்தரும் காணொளிகள் பெருகிவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் பல, இறக்கை விமானத்தை ஏந்த முடியாமல் போகும் நிலையைக் குறிக்கும் ஸ்டால் (stall) என்ற சொல் வந்ததும் "ஃபிளைட் வேகத்தை இழந்துடுச்சு, த்ராட்டிலை ஏத்துங்க" என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. எழுத்தில் 'வேக இழப்பு'. இன்னும் சில இடங்களில் 'இயந்திர நிறுத்தம்'. இரண்டும் பிழை. இவற்றை நம்பி விளையாடுகிறவர் விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே, எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளுகிறார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சுழன்று தரையில் விழுகிறது. பிறகு விளையாட்டில் ஏதோ கோளாறு என்று தேட ஆரம்பிக்கிறார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் அது நிற்கும் இடம், தொழுவம். புத்தகக் கண்காட்சியில் நாம் போய் நிற்கும் ஸ்டாலும் அதே வேர்தான். பிறகு சேற்றில் சிக்கி வண்டி நின்றுபோவதற்கும், கார் எஞ்சின் அணைந்துபோவதற்கும் அந்தச் சொல் வந்தது. விமானத்துக்கு வந்தபோது பொருள் அடியோடு மாறிவிட்டது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போடுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஓடும் ரயிலில் எதிர்க்காற்றில் உள்ளங்கையைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தால் கை தானாக எழும்பும். இன்னும் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எழும்பும் விசை தளர்ந்து, கை பின்னால் மட்டும் தள்ளப்படும். இறக்கையிலும் இதுதான் நடக்கிறது. காற்றோடு இறக்கை கொள்ளும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டியதும் (பெரும்பாலான சிறு விமானங்களில் 15 பாகையை ஒட்டி) மேற்பரப்பில் வழுக்கிச் சென்ற காற்று பிய்ந்து குழம்பிவிடுகிறது. விமானத்தை ஏந்தியிருந்த விசை உடைகிறது. இதுதான் ஸ்டால். காரணம் கோணம், வேகம் அல்ல.

"வேகம் குறைவதால்தானே இது வருகிறது, அப்படியே சொன்னால் என்ன?" என்று கேட்பார்கள். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்) இறக்காமல் நேராகப் பறக்கும்போது அதன் ஸ்டால் வேகம் 48 நாட் (மணிக்கு ஏறத்தாழ 89 கி.மீ.). வேகமானியில் பச்சை வளைவு தொடங்கும் இடம் அது. இப்போது 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பிப் பாருங்கள். இறக்கை இரு மடங்கு எடையைச் சுமக்க வேண்டியிருப்பதால் அந்த 48 ஏறத்தாழ 68 ஆகிவிடும். 65 நாட்டில் போய்க்கொண்டிருந்தாலும் இறக்கை கைவிட்டுவிடும். மறுபக்கம், மேலே எறிந்த பந்து போல வளைந்து இறங்கும் பாதையின் உச்சியில் வேகம் 30 நாட்டுக்கு வந்திருந்தாலும், மூக்கைத் தளர விட்டிருந்தால் ஸ்டால் வராது. வேகம் இருக்கும்போதும் வருகிறது, இல்லாதபோதும் வராமலிருக்கிறது என்றால் அதற்கு வேக இழப்பு என்று பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்?

வேக இழப்பு என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால், உண்மையிலேயே வேகம் குறைவதை எப்படிச் சொல்வது? அது தனிச் சிக்கல், அதன் காரணங்களும் தனி. சக்கரத்தையும், இறக்கை மேல் எழும்பி வேகத்தைத் தடுக்கும் ஸ்பாய்லரையும் மடக்க மறந்திருக்கலாம். உயரே போனபின் காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைக்காமல் விட்டிருக்கலாம். தானோட்டியிடம் (ஆட்டோபைலட்) 'நிமிடத்துக்கு இத்தனை அடி ஏறு' என்று சொல்லிவிட்டு மறந்திருக்கலாம்; எஞ்சினுக்குத் தெம்பு இல்லாவிட்டாலும் அது மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், வேகம் கரையும், கடைசியில் ஸ்டாலில் முடியும். வேகம் அளக்கும் பிட்டோ குழாயில் பனி அடைத்திருந்தால் வேகம் குறையாமலே மானி மட்டும் சரியும். இத்தனையையும் ஸ்டாலையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் பழுதைத் தேடுகிறவர் எங்கே தொடங்குவார்?

'இயந்திர நிறுத்தம்' இதைவிட மோசம். 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447-இன் பிட்டோ குழாய்களைப் பனி அடைத்தது. வேகக் காட்டிகள் குழம்ப, மூக்கு தூக்கப்பட்டு, விமானம் ஸ்டாலிலேயே அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். எஞ்சின்கள் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதே ஆண்டு ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு எஞ்சினும் பயனற்றுப்போன விமானம் மூக்கை இறக்கி, வேகத்தைக் காத்து, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். எஞ்சின் ஓடியது ஸ்டாலில் விழுந்தது, எஞ்சின் போனது ஸ்டாலுக்குள் போகாமல் இறங்கியது. இந்த இரண்டையும் அறிந்த ஒருவர் அந்தச் சொல்லை எழுத மாட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் அந்த விசைக்கு ஒரு பெயர் வேண்டும். 'மேலுதைப்பு' நீரில் மிதப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது, அதைத் தொடக் கூடாது. 'தூக்கு விசை' புரியும். ஆனால் தூக்கு என்றதும் மனம் வேறு எங்கோ போகிறது. என் தேர்வு 'ஏந்துவிசை'. ஏந்துதல் என்பது கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. காற்று இறக்கைக்குச் செய்வதும் அதுவே. ஸ்டால் 'ஏந்தல் முறிவு'. இழப்பு என்று நான் சொல்லவில்லை. விசை முழுதும் போய்விடுவதில்லை, கோணம் கூடக் கூட வளர்ந்துவந்தது சட்டென்று உடைகிறது. வினையாகவும் நன்றாக வரும்: "ரொம்ப இழுத்தால் ஏந்தல் முறிஞ்சிடும்." ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியில் வரும் கம்ப்ரசர் ஸ்டாலுக்கும் இது பொருந்தும். அங்குள்ள தகடுகளும் குட்டி இறக்கைகள்தான்.

இது பிடிக்கவில்லையா, ஸ்டால் என்றே எழுதுங்கள். எனக்குத் தனித்தமிழ்ப் பற்று உண்டு, ஆனாலும் பிழையான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல் என்பேன். மொழிபெயர்ப்பாளர்களிடம்தான் என் கோபம். விளையாட்டை ஒருமுறையும் ஓட்டிப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வாங்கி நிரப்பித் தருகிறார்கள். சாய்வுக் கோணம் (bank angle) என்று வர வேண்டிய இடத்தில் 'வங்கிக் கோணம்' என்று இருந்ததை நானே பார்த்தேன். செஸ்னாவின் இடது இறக்கையில் ஒரு சிறு துளை உண்டு. ஸ்டால் நெருங்கும்போது அதன் வழியே காற்று உறிஞ்சப்பட்டு ஊதல் ஒலிக்கும். அந்த ஒலியை ஒருதரம் கேட்டு, மூக்கை இறக்கியதும் அது அடங்குவதைப் பார்த்தவர் எச்சரிக்கை வரியில் வேகம் என்றோ எஞ்சின் என்றோ எழுதியிருக்க மாட்டார். 'ஏந்தல் முறிகிறது, மூக்கை இறக்கு' என்று எழுதியிருப்பார். த்ராட்டில் அதற்கு அடுத்த வரியில் வரட்டும்.