கடை ஊழியர்கள் உட்காரலாம், சட்டமே சொல்கிறது

பெரிய ஜவுளிக்கடைக்குப் போனால் நமக்கு ஸ்டூல் எடுத்துப் போடுவார்கள். எதிரே நின்று ஒவ்வொரு புடவையாக விரித்துக் காட்டி, நாம் வேண்டாம் என்றதும் மடித்து வைக்கிற பெண்ணுக்கு அது கிடையாது. கடை திறந்ததிலிருந்து ராத்திரி வரை நிற்கிறார், கூட்டமே இல்லாத மதியத்தில் அலமாரியில் கொஞ்சம் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் வந்து சத்தம் போடுவார். கால் வீங்கி, நரம்பு சுருண்டு போனவர்கள் எத்தனையோ பேர்.

இப்படி நிற்க வைப்பது சட்டப்படி தப்பு. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். ஜவுளிக்கடை மட்டுமில்லை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளருக்குப் போட்ட நாற்காலியைக் காட்டி "இருக்கை இருக்கிறதே" என்று முதலாளி சொன்னால் அது செல்லாது.

தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இந்த வசதி இருந்தது. கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அது வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று அமைப்பு கட்டி, முதலில் கழிப்பறைக்கும் அப்புறம் உட்காரும் உரிமைக்கும் போராடினார். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. அடுத்தது தமிழ்நாடு.

சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. தகுந்த இருக்கை என்றுதான் இருக்கிறதே தவிர, எத்தனை பேருக்கு எத்தனை என்று அந்தப் பிரிவில் கணக்கு இல்லை. மூலையில் ரெண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு இது வசதி. அதனால் புகாரில் விவரம் தெளிவாக இருக்கட்டும்: கடை பெயர், முகவரி, எந்தத் தளம், அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை இருக்கை, உட்கார்ந்தால் என்ன சொல்கிறார்கள். உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளரிடமோ, மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலோ கொடுக்கலாம். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக்கூடாது என்று இதே சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. ஆனாலும் தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்தோ தொழிற்சங்கம் மூலமாகவோ போங்கள்.