எந்த வங்கியில் கணக்கு வைப்பது? வட்டிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வட்டித் தொழிலில் சம்பாதித்து வீடு கட்டியவை செட்டிநாட்டு ஊர்கள். அதனால் காரைக்குடிப் பக்கம் யார் புதுக் கணக்குத் தொடங்கப் போனாலும் முதல் கேள்வி, "சேமிப்புக்கு எத்தனை சதம் தருவீங்க?" என்பதாகத்தான் இருக்கும். அன்றாடச் செலவுக்கான கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆண்டு முழுவதும் சராசரியாக 20,000 ரூபாய் கிடக்கிற கணக்குக்கு 2.5 சதத்தில் 500 ரூபாய் வட்டி; 4 சதத்தில் 800. வித்தியாசம் 300 ரூபாய்தான். டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணத்தையும் அதன்மேல் 18 சத ஜிஎஸ்டியையும் பிடித்தாலே பல வங்கிகளில் அந்த 300 கரைந்துவிடும். அதிக வட்டி வேண்டிய பணம் எஃப்டியிலோ (நிலை வைப்பு) அஞ்சலகத் திட்டத்திலோ இருக்கட்டும். இங்கே பேச்சு, சம்பளமோ பென்ஷனோ வந்து விழுந்து, கரண்ட் பில்லும் மளிகையும் ஸ்கூல் ஃபீஸும் போகிற கணக்கைப் பற்றி.

வட்டி விகிதத்தைக் கேட்பதற்குப் பதில் கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு வங்கியும் சேவைக் கட்டணங்களைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். கிளையிலும் காட்ட வேண்டும். அதில் ஐந்து வரி போதும்: குறைந்தபட்ச இருப்பு, கார்டு கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், மாதம் எத்தனை முறை ரொக்கம் கட்டலாம், தானியங்கித் தவணை திரும்பினால் என்ன அபராதம். கடைசி வரியை யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்கடன் தவணையோ இன்சூரன்ஸ் பிரீமியமோ எடுக்க வருகிற நாளில் பணம் இல்லையென்றால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சில நூறு ரூபாய் ஜிஎஸ்டியோடு போகும். கடன் கொடுத்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒன்று போடும்.

சராசரி இருப்பு என்ற கணக்கு

அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது. "எப்பவும் பத்தாயிரம் இருக்கணும்" என்று கவுண்டரில் சொல்வார்கள். உண்மையில் பார்க்கப்படுவது மாதச் சராசரி. ஒவ்வொரு நாளும் இரவு கணக்கு முடியும்போது உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். சம்பளம் 40,000 வந்து ஐந்து நாள் அப்படியே இருக்கிறது. பிறகு வீட்டு வாடகை, கடன் தவணை எல்லாம் போய் மீதி 25 நாளும் 1,000 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ஐந்து நாளுக்கு 2,00,000. ஆயிரம் இருபத்தைந்து நாளுக்கு 25,000. கூட்டினால் 2,25,000, முப்பதால் வகுத்தால் 7,500. பத்தாயிரம் கேட்கிற வங்கியில் 2,500 குறைகிறது. குறைவில் 6 சதம் அபராதம் என்றால் 150, ஜிஎஸ்டி 27, ஆக 177 ரூபாய். ஒன்றாம் தேதி நாற்பதாயிரம் இருந்ததே என்று பாஸ்புக்கைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். பாதி மாதம் கணக்கு வறண்டு கிடந்தாலும், நகைக்கடனோ எஃப்டி முதிர்வோ வந்து மூன்று லட்சம் ஒரே ஒரு இரவு தங்கினால் அந்த மாதச் சராசரி பத்தாயிரத்தைத் தொட்டுவிடும்.

குறைந்தபட்ச இருப்பு வங்கியை மட்டும் பொறுத்ததல்ல, கிளை இருக்கும் ஊரையும் பொறுத்தது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்குள் என்றால் கிராமப்புறம், ஒரு லட்சத்துக்குள் என்றால் சிறுநகர், பத்து லட்சத்துக்குள் என்றால் நகர், அதற்கு மேல் பெருநகர் என்பது ரிசர்வ் வங்கியின் பிரிவு. காரைக்குடி 2011 கணக்கெடுப்பிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேவகோட்டை அந்தக் கணக்கில் சிறுநகர், கானாடுகாத்தான் கிராமப்புறம். ஒரே வங்கி, ஒரே பெயருள்ள கணக்கு. கானாடுகாத்தான் கிளையில் கேட்கும் இருப்பு காரைக்குடிக் கிளையில் கேட்பதைவிடக் குறைவாக இருக்கலாம். பணம் எடுக்கப் போட எந்தக் கிளைக்கும் போகலாம் என்பதால், கணக்கைச் சொந்த ஊர்க் கிளையில் வைப்பதே லாபம். மகன் சென்னைக் கிளையில் தொடங்கிய கணக்கை அப்பச்சியும் ஆச்சியும் ஊரில் இருந்து நடத்துகிறார்கள் என்றால், பெருநகர் அளவு இருப்பைத் தேவையில்லாமல் சுமக்கிறார்கள். கிளை மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். கணக்கு எண் பெரும்பாலும் மாறாது, கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி மாறும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு வழி உண்டு. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி உள்ளிட்ட வேறு சில அரசு வங்கிகள் 2025-ல் எடுத்தன. எந்த வங்கியிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேட்டால் இருப்பே தேவையில்லாத கணக்குத் தர வேண்டும். ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. அபராதம் போடும் வங்கியும், அந்த அபராதத்தாலேயே இருப்பை மைனஸுக்குக் கொண்டுபோக முடியாது.

வேலையை விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது தானாகச் சாதாரணக் கணக்காக மாறும். சலுகைகள் போய் இருப்பு நிபந்தனை வந்து உட்காரும். கம்பெனி மாறும்போதே பழைய கணக்கை முடிப்பதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்று தீர்மானித்துவிடுங்கள்.

ஆயிரம் ரூபாய் வரவில்லை என்றால்

புதுக் கணக்குத் தொடங்கிய அடுத்த மாதமே, "மகளிர் உரிமைத் தொகை நின்னுபோச்சு" என்று தாலுகா ஆபீஸுக்கு அலைகிற பெண்கள் நிறைய. பெரும்பாலும் பணம் நிற்பதில்லை, வேறு வங்கிக்குப் போயிருக்கும். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், எந்த வங்கி உங்கள் ஆதாரைக் கடைசியாக மானியத்துக்கென்று இணைத்ததோ அங்கே போய் விழும். கேஸ் மானியத்துக்கும் பிஎம் கிசானுக்கும் இதே வழிதான். கணக்கு தொடங்கும் படிவத்தில், மானியங்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஊழியர் அவசரத்தில் அதையும் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார். நாமும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகல் கொடுப்பது வேறு, மானியத்துக்காக இணைப்பது வேறு. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். மாற்ற வேண்டுமென்றால் பழைய வங்கிக்குப் போக வேண்டியதில்லை. பணம் எங்கே வர வேண்டுமோ அந்த வங்கியில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பாஸ்புக்கில் 436, 20 என்று இரண்டு பிடித்தங்கள் மே மாதக் கடைசியில் தெரியும். அது திருட்டு அல்ல. 436 பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 சுரக்ஷா விபத்துக் காப்பீடு. தலா இரண்டு லட்சம். மலிவானவைதான், நல்லவைதான். ஆனால் இரண்டு வங்கியில் சேர்ந்திருந்தாலும் ஒன்றுக்குத்தான் பணம் கிடைக்கும். புது வங்கியில் மறுபடி சேர்த்துவிடாமல் பாருங்கள். வாரிசுகளிடம் இந்தக் காப்பீடு இருப்பதைச் சொல்லி வையுங்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதைத் தாண்டி, "எஃப்டி மாதிரிதான், வருஷம் ஒரு லட்சம் கட்டுங்க" என்று மேஜைக்கு எதிரே உட்கார வைத்துச் சொன்னால், அது எஃப்டி இல்லை, இன்சூரன்ஸ் பாலிசி. எஃப்டிக்கு ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம் கிடையாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவு போக மீதி வரும்.

பணம் எவ்வளவு பத்திரம்

ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சம்தான். காரைக்குடிக் கிளையில் நான்கு, புதுவயல் கிளையில் மூன்று என்று பிரித்து வைத்தாலும் ஒரே வங்கி என்றால் ஏழாகவே எண்ணப்படும், காப்பீடு ஐந்துக்குத்தான். கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் கூட்டுப் பெயரில் ஒன்று என்றால் மூன்றும் தனித்தனி. நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இல்லை. நிதி கம்பெனி, ஏலச்சீட்டு, நகைக்கடை மாதச் சீட்டு எதற்கும் இல்லை. பெயர்ப்பலகையில் 'நிதி' என்று எத்தனை பெரிதாக எழுதியிருந்தாலும் சரி.

ஐந்து லட்சத்துக்குள் இருந்தாலும் ஒரே வங்கியில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள் என்போம். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டபோது ஒருவர் எடுக்கக்கூடியது 25,000 ரூபாய்தான் என்று வரம்பு வந்தது. நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. டெபாசிட்தாரர் யாருக்கும் பணம் போகவில்லை. ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்திருந்தால்? இரண்டாவது வங்கியில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வையுங்கள். யுபிஐ-யை அந்தச் சிறிய கணக்கோடு இணைத்தால் மோசடி நடந்தாலும் போவது சிறிது.

வங்கிகள் இணைவது நமக்குப் புதிதல்ல. கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அதே பெயரில் நிற்கிறது. கருமுத்து தியாகராசர் 1943-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ-யோடு போய்விட்டது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் இரும்புப் பெட்டியில் பழைய பாஸ்புக் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு ஆண்டு நடமாட்டம் இல்லாத கணக்கு செயலற்றதாகும். பத்து ஆண்டுக்குப் பின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். ஆனாலும் உரியவர் அல்லது வாரிசு வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியும்.

லாக்கரும் வெளிநாடும்

செட்டிநாட்டில் வங்கியைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் பல வீடுகளில் லாக்கர்தான். காத்திருப்போர் பட்டியலை வங்கி வைத்திருக்க வேண்டும், உங்கள் வரிசை எண்ணைத் தர வேண்டும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு வாடகையும் உடைத்துத் திறக்கும் செலவும் ஈடாகும் அளவுக்கு ஒரு டெபாசிட் கேட்கலாம். பத்து லட்சம் எஃப்டி போட்டால்தான் லாக்கர் என்று சொல்ல அதில் இடமில்லை. தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி இவற்றால் நகை போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். வைரத்தோடும் கழுத்துருவும் இருக்கிற லாக்கருக்கு அது எந்த மூலைக்கு? தனியாக நகைக் காப்பீடு எடுங்கள். வாடகை கட்டினாலும் ஏழு ஆண்டு யாரும் திறக்காமல் இருந்து, உங்களைக் கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால் வங்கி திறக்கலாம். எனவே திருவிழாவுக்கு வரும்போதாவது ஒரு முறை திறந்து மூடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போனவர்கள் உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. அதை, வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்; ஊர் வீட்டு வாடகை, நிலக் குத்தகை அதில் வரட்டும். வெளிநாட்டுச் சம்பளம் அதற்கென உள்ள என்ஆர்இ கணக்கில் வந்தால் வட்டிக்கு இங்கே வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். எனவே வெளிநாட்டுப் பிள்ளை உள்ள குடும்பம், இந்த இரண்டையும் பழகிய ஊழியர் இருக்கும் கிளையாகப் பார்ப்பது நல்லது. எல்லாக் கிளையிலும் அது கிடைக்காது.

கிளையைப் பார்க்க நல்ல நேரம் மாதத் தொடக்கத்தில் பென்ஷன் வாங்க வருகிற நாட்களில் காலை பதினொன்று மணி. பாஸ்புக் இயந்திரம் ஓடுகிறதா, பணம் போடும் இயந்திரம் நோட்டை வாங்குகிறதா, முதியவருக்கு உட்கார இடம் உண்டா என்று அப்போது தெரிந்துவிடும். ஏடிஎம்முக்காகக் கவலைப்பட வேண்டாம்: சொந்த வங்கியில் மாதம் ஐந்து, நம் ஊர் போன்ற பெருநகர் அல்லாத ஊர்களில் மற்ற வங்கிகளில் இன்னும் ஐந்து இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அதற்கடுத்த ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும், பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

மோசடி நடந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930, உடனே வங்கி. வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். ஓடிபி-யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். மற்றப் புகார்களை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். விவரம் கேட்க 14448.

வாரிசுதாரர் (நாமினி) நியமனத்தில், 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான். பங்கு யாருக்கு என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும்.

வங்கி மாறும்போது பழைய கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். தவணை, இன்சூரன்ஸ், கேஸ், வருமான வரி ரீஃபண்ட் எல்லாவற்றையும் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டு இரண்டு மாதம் பொறுங்கள். எதுவும் பழையதற்கு வரவில்லை என்று உறுதியானபின், சில ஆண்டு ஸ்டேட்மெண்டை எடுத்துவைத்துக்கொண்டு, மிச்சமுள்ள செக் தாள்களையும் கார்டையும் ஒப்படைத்து, கணக்கு முடிந்ததற்குக் கிளையின் முத்திரையோடு எழுத்து வாங்குங்கள்.