கழிவுநீர்க் குழிக்கு எதற்குக் காற்றுக் குழாய்?

சிகாகோ தட்டையான ஊர். சாக்கடை தானாக ஓடச் சரிவு போதவில்லை. 1855-ல் எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளர் போட்ட திட்டப்படி குழாய்களை உயரத்தில் பதித்து, அதற்கேற்பத் தெருக்களை மேடாக்கினார்கள். பெரிய பெரிய கட்டடங்களையே திருகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சரி, ஊரைத் தூக்கியாயிற்று. வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ட்டை என்ன செய்வது? அங்கே உள்ள கழிப்பறையின் கழிவு பல வீடுகளில் தெருக் குழாயைவிடத் தாழ்வாக நிற்கிறது. பெருமழை பெய்தால் தெருச் சாக்கடையே உள்ளே ஏறி வருவதும் உண்டு. அதனால் அந்த வட்டாரத்தில் நிறைய வீடுகளில் கழிவை முதலில் ஒரு குழிக்குள் விட்டு, பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள்.

குழி என்பது 18 அங்குல அகலமும் 30 அங்குல ஆழமும் கொண்ட ஒரு தொட்டி. ஏறத்தாழ 120 லிட்டர் பிடிக்கும். நீர்மட்டம் ஏறியதும் மிதவை சுவிட்சைத் தட்டும், அரை குதிரைத்திறன் பம்ப் 2 அங்குலக் குழாய் வழியே கழிவை மேலே தள்ளும். தள்ளியது திரும்பி இறங்காமல் செக் வால்வ் பார்த்துக்கொள்ளும். இவை போக, மூடியிலிருந்து இன்னொரு குழாய் கூரைவரை போகும். அதுதான் வென்ட்.

நாற்றம் போகத்தானே இது என்று கேட்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரசியமானது.

ஷவர், வாஷ்பேசின் எதுவானாலும் அதன் கீழே வளைந்த ட்ராப் ஒன்று இருக்கும். அதில் தேங்கும் 2 அங்குல நீர்தான் சாக்கடை வாயுவுக்கும் நமக்கும் நடுவே உள்ள ஒரே தடுப்பு. 2 அங்குல நீரின் அழுத்தம் சுமார் 500 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 1,01,325. அதாவது உள்ளே காற்றழுத்தம் வெறும் அரை சதவீதம் குறைந்தாலே ட்ராப் நீர் உறிஞ்சப்பட்டுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேறு காற்று வழியே இல்லாமல் இறுக மூடிய தொட்டியிலும் அதன் குழாய்களிலுமாக 80 லிட்டர் காற்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் அரை சதவீதம் 0.4 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 150 லிட்டர் இறைத்தால் நொடிக்கு இரண்டரை லிட்டர். கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர் நீர் உள்ளே வந்தால் அதே அளவு காற்று வெளியேற வேண்டும். வழி இல்லாவிட்டால் அது ஷவர் ட்ராப் வழியே குமிழியிட்டுக் கிளம்பும். எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை போடுகிறோமே, அந்த வேலையைத்தான் வென்ட் செய்கிறது. என்ன, இங்கே காற்று இரு பக்கமும் போய்வர வேண்டும்.

கூரைவரை குழாய் இழுக்கச் சோம்பல்பட்டு, காற்றை உள்ளே மட்டும் விடும் சின்ன வால்வைப் பொருத்துவது இங்கேதான் தப்பாகிறது. பம்ப் ஓடும்போது அது சரியாகவே திறக்கும். தொட்டி நிரம்பும்போது மூடிக்கொள்ளும். பொறியாளர் தனியாக வடிவமைத்தால் ஒழிய, சர்வதேச பிளம்பிங் விதித்தொகுப்பு இதைத் தொட்டிக்கு அனுமதிப்பதில்லை.

வாயுவையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பிடிக்கும்.

பம்ப் ஓடும் நேரத்தில் மட்டும் தரை வடிகால் களக்களக்கென்று சத்தம் போட்டால் வென்ட்டைச் சந்தேகிக்கலாம். குழாய் நடுவில் தொய்ந்து நீர் தேங்கினாலும் அடைப்புதான். அதனால் படுக்கைவாட்டில் போகும் பகுதி தொட்டியை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். கடுங்குளிர் ஊர்களில் ஈரக் காற்று கூரை முனையில் உறைந்து வாயை அடைத்துவிடும் என்பதால், அந்த முனைப் பகுதியில் மட்டும் குழாயை 3 அங்குலமாக அகலப்படுத்துகிறார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் வந்தால், மூடியில் மின்கம்பி நுழையும் துளையின் ரப்பரைப் பாருங்கள். பம்ப் மாற்றியவர்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.